வாழைக்காய்த் தோலும் வாணியின் கிணறும்

கிணற்றில் பச்சை வந்த அன்று இசைவாணி தன் அண்ணனோடு பேசுவதை நிறுத்தினாள். மறுநாள் ஒரு கெடா வாங்கினாள். அதோடு பேச ஆரம்பித்தாள்.

கெடாவைக் கட்டிய இடம்தான் விசேஷம். வீட்டுக்குப் பின்னால் வேப்பமரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது. அங்கே கட்டவில்லை. தன் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவே ஓடுகிற கம்பிவேலியின் கல்லுக்காலில் கொண்டுவந்து கட்டினாள். அண்ணன் சேவுகன் காலையில் பட்டறைக் கதவைத் திறந்தால் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். கறுப்புக் கெடா. நெற்றியில் மட்டும் திருநீறு பூசியது போல ஒரு வெள்ளை.

"நல்லாத் தின்னு," என்று முருங்கைக் கொப்பை ஒடித்துப் போட்டபடி கெடாவிடம் சொன்னாள். "மாசி இருவதுல புள்ளைக்குக் காது குத்து. தாய்மாமன் கெடா கொண்டாந்தாத்தான் ஆச்சுன்னு எவனும் சட்டம் எழுதி வைக்கலை. எங்களுக்கும் கெடா வாங்கத் தெரியும்."

வேலிக்கு இந்தப் பக்கம் அண்டாவில் வேட்டியைப் புரட்டிக்கொண்டிருந்த சேவுகனின் கையில் கம்பு அப்படியே நின்றது.

"கேட்டுச்சா?" என்றாள் அவன் மனைவி சொர்ணவல்லி, கொடியில் துண்டுகளைப் போட்டுக்கொண்டே.

"எனக்கா சொன்னா? ஆட்டுக்குல்ல சொன்னா."

"ஆமா, ஆட்டுக்குத்தான். ஆடு அப்படியே குறுகிப் போச்சு பாருங்க."

அரிமளத்துக்கு மேற்கே தைலமரக் காடு முடிகிற இடத்தில், சரளைக்கல்லும் செம்மண்ணுமான மேட்டில் இருக்கிறது சேவுகனின் சாயப்பட்டறை. பெரிய பட்டறை இல்லை. இரண்டு சிமெண்டுத் தொட்டி, மூன்று அண்டா, அடுப்பு, கொடிக்கயிறு. சாமிக்கு மாலை போடுகிறவர்களுக்கு வேட்டியும் துண்டும் சாயம் ஏற்றித் தருவது தொழில். எந்தச் சாமிக்குச் சீசனோ அந்தச் சாமியின் நிறம். கார்த்திகையில் கறுப்பும் நீலமும். மார்கழி, தையில் பழனிக்கு நடக்கிறவர்களுக்குப் பச்சை. பங்குனியில் மஞ்சள். ஆடியில் சிவப்பு. நாள்காட்டி பார்க்காமல் சேவுகனின் நகத்தைப் பார்த்தே மாதம் சொல்லிவிடலாம்.

மிச்சச் சாயத் தண்ணீர் பின்னால் இருக்கிற குழிக்குப் போகும். "செம்மண்ணு குடிச்சிரும்" என்பது அவன் நம்பிக்கை. பன்னிரண்டு வருஷம் குடித்தது. இந்த மார்கழியில் மூன்று நாள் விடாமல் மழை ஊற்றியதும், போதும் என்று மண் கையை விரித்துவிட்டது. மழை விட்ட காலையில் இசைவாணி வாளியை இழுத்தாள். தண்ணீர் முருகன் வேட்டி நிறத்தில் வந்தது.

குடிக்கிற தண்ணீர் தெருக்குழாயில் வருகிறது, உண்மைதான். ஆனால் அந்தக் கிணறு வேறு கணக்கு.

இசைவாணிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் பிள்ளை இல்லை. போகாத கோயிலும் இல்லை, படுக்காத ஆஸ்பத்திரியும் இல்லை. பன்னிரண்டாம் வருஷம் தங்கியது. வளைகாப்புக்குச் சேவுகன் சீர் கொண்டுவந்தான். அதில் ஒரு வெண்கலச் செம்பு. அடுத்த வாரமே தண்ணீர் மொள்ளும்போது அவள் கை நழுவிச் செம்பு கிணற்றுக்குள் போய்விட்டது. உள்ளே இரண்டாள் ஆழத்தில் ஒரு பாறைத் திட்டு. அதில் உட்கார்ந்துகொண்டது. அவள் புருஷன் வெற்றிசெல்வன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், பாதாளக்கரண்டி இரவல் வாங்கி வந்து நின்றான். வேண்டாம் என்றுவிட்டாள். "கெடக்கட்டும். அது பாட்டுக்கு மொண்டுக்கிட்டே இருக்கட்டும்." உச்சி வெயில் நேரே விழும்போது எட்டிப் பார்த்தால் அது பொன்னாக மின்னும். மகள் சுடர்விழிக்கு மூன்று வயது. தினமும் அவளைத் தூக்கிக் காட்டி, "மாமன் செம்பு எங்க?" என்று கேட்டுத்தான் மதியச் சோறு ஊட்டுவாள்.

பச்சை வந்த அன்று சொர்ணவல்லியிடம் அவள் சொன்னது இதுதான்: "அண்ணி, எங் கெணத்துல அந்தச் செம்பு என்னைக்குத் தெரியுதோ, அன்னைக்கு அண்ணன் எங்க வீட்டுப் படி ஏறட்டும். அதுவரைக்கும் ஒங்களுக்கும் எங்களுக்கும் தண்ணி பொழக்கம் இல்லை. காது குத்துக்குப் புள்ளையை மடியில வைக்க நல்லதம்பி இருக்கான்."

நல்லதம்பி பெரியப்பா மகன். முறைக்கு அவனும் தாய்மாமன்தான். கந்தர்வக்கோட்டையில் முந்திரித் தோப்பு குத்தகைக்கு எடுத்திருக்கிறான், நல்ல மனுஷன். சேவுகனுக்கு அவன்மேல் ஒரு குறையும் கிடையாது. ஆனால் பதினோரு வருஷமும் தங்கச்சியோடு ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது நல்லதம்பி இல்லை. அந்தப் பிள்ளை பிறந்ததும் நர்ஸ் முதலில் நீட்டியது இந்தப் பச்சைக் கையில்தான். ஆசாரி ஊசி எடுக்கும்போது அவள் வேறொருவன் மடியில் கிடந்து அழுவாள் என்று நினைத்தால் சேவுகனுக்குச் சோறு இறங்கவில்லை.

தை பிறந்த நாலாம் நாள், ரம்யா என்ற பெண் ஸ்கூட்டியில் வந்தாள். ஊராட்சியில் கிணறு கிணறாகத் தண்ணீர் எடுத்துச் சோதிக்கிற வேலை. தோளில் பை, பைக்குள் குப்பிகள். இசைவாணியின் கிணற்றில் மொண்டு வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

"இது சாயம்க்கா. யாரு விடுறாங்க?"

வேலிக்கு இந்தப் பக்கம் சேவுகன் அடுப்பு ஊதுவதை நிறுத்தினான்.

"தெரியலையேம்மா," என்றாள் இசைவாணி.

"பக்கத்துல பட்டறை இருக்கே?"

"பட்டறை நாலு எடத்துல இருக்கும். எனக்குத் தெரியலை."

சுற்றி மூன்று மைலுக்கு வேறு பட்டறை கிடையாது. கொடியில் நாற்பது பச்சை வேட்டிகள் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு முன்னால் நின்றுகொண்டு, கண்ணைக்கூட இமைக்காமல், தெரியலை என்றாள்.

சேவுகனால் உட்கார முடியவில்லை. ஊதுகுழலைப் போட்டுவிட்டுத் தெரு வழியாகச் சுற்றி வந்தான். அவள் வாசலை மிதிக்கவில்லை. தெருவிலேயே நின்று சொன்னான்.

"நான்தாம்மா. எம் பேரு சேவுகன். சாயம் என்னோடது."

இசைவாணி சட்டென்று கெடாவின் பக்கம் திரும்பினாள். "ஒன்னைய யாரு கேட்டா? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?"

தழை மென்றுகொண்டிருந்த கெடா நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது.

ரம்யா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்துகொண்டவள் போலக் குரலைத் தணித்தாள். "இனிமே ஒரு சொட்டு அந்தக் குழிக்குப் போகக் கூடாதுங்கண்ணே. தொட்டியிலேயே நிறுத்துங்க."

"ரெண்டு தொட்டிதாம்மா இருக்கு. பதினஞ்சு நாள்ல ரொம்பிரும்."

"அதுக்குள்ள தண்ணியையும் சாயத்தையும் பிரிக்கப் பாருங்க. காலேஜ்ல நாங்க செஞ்சு பாத்திருக்கோம். டீத்தூள் சக்கை, பழத்தோல், கடலைத் தொலி, இந்த மாதிரி சமைச்சுட்டுத் தூக்கிப் போடுறது. அதுல சிலது சாயத்தை இழுத்துக்கும். ஆனா எல்லாச் சாயத்துக்கும் ஒரே சக்கை ஒத்து வராது. ஒங்க சாயத்துக்கு எதுன்னு நீங்கதான் செஞ்சு பாக்கணும்."

"சக்கை எப்படிம்மா சாயத்தைப் பிடிக்கும்?"

"துணி பிடிக்குதுல்லண்ணே?" என்றாள் ரம்யா. "மாசியில மறுபடி வருவேன்."

அன்றே குழிக்குப் போகிற வாயைச் சிமெண்டு வைத்து அடைத்தான்.

அரிமளம் பஸ் ஸ்டாப்பில் இன்னாசியம்மாள் கடை. காலையில் டீ, மதியம் எலுமிச்சை சர்பத், சாயங்காலம் வாழைக்காய் பஜ்ஜி. சேவுகன் இரண்டு சாக்கோடு போய் நின்றான்.

"டீத்தூள் சக்கையும் வாழைக்காத் தோலும் வேணும்க்கா. தெனமும்."

"என்ன சேவுகா, மாடு வாங்கிட்டியா?"

"இல்லக்கா. சாயத்துக்கு."

"வாழைக்காத் தோல்ல என்ன கலரு வரும்?"

"வரக் கூடாதுக்கா. இருக்கிறது போகணும்."

இன்னாசியம்மாள் கரண்டியை எண்ணெயிலிருந்து எடுத்துவிட்டு அவனை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு மாசமா தங்கச்சி பேசலைன்னு சொன்னாங்க. பாவம், இவ்வளவு தூரத்துக்குப் போயிருச்சா," என்றாள். ஆனால் சாக்கை வாங்கிப் பந்தலுக்குப் பின்னால் தொங்கவிட்டாள்.

டீத்தூளில் ஆரம்பித்தான். பச்சைத் தண்ணீரில் ஒரு வாளி சக்கையைக் கொட்டிக் கலக்கி, விடிந்ததும் பார்த்தால் பச்சையோடு டீ நிறமும் சேர்ந்து குளத்துப் பாசி மாதிரி நின்றது. சரி, வாழைக்காய்த் தோல். நறுக்கி வெயிலில் காயப்போட்டார்கள். தை வெயில் சோம்பேறி வெயில்; காய நாலு நாள் பிடித்தது. காக்காய் ஒரு பக்கம், கெடா ஒரு பக்கம். கழுத்துக் கயிறு எட்டுகிற மட்டும் வேலிக்குள் தலையை விட்டு இழுத்துத் தின்றது.

"தோலுக்கு ஆசைப்பட்டு அங்கிட்டுப் போயிராத," என்று அந்தப் பக்கமிருந்து குரல் வரும். "நாக்கு பச்சையாயிரும். அப்புறம் சாமி ஏத்துக்காது."

காய்ந்த தோலை மாவு மில்லுக்குக் கொண்டுபோனால் மில்லுக்காரர் விரட்டினார். ஊரார் அரிசியில் நார் வரும் என்றார். சொர்ணவல்லி உரலில் போட்டு இடித்தாள். சேவுகனுக்கு இருபது வருஷக் கைப்பழக்கம். துணிக்குச் சாயம் ஏற வேண்டுமானால் உப்பும் சலவைச் சோடாவும் போட வேண்டும். தோலும் சாயத்தைப் பிடிக்க வேண்டியதுதானே? இரண்டு கை உப்பு, மூன்று கை சோடா தாராளமாக அள்ளிப் போட்டான்.

மறுநாள் தொட்டியை எட்டிப் பார்த்த சொர்ணவல்லி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். வாழைக்கறை அவ்வளவும் இறங்கித் தண்ணீர் கருங்குழம்பாக நின்றது.

"பச்சைத் தண்ணியை வச்சுக்கிட்டு அழுதோம். இப்ப கருவாட்டுக் கொழம்பை வச்சுக்கிட்டு அழுவோம்."

"சோடா பத்தலையோ என்னமோ."

"சோடா பத்தலையா? தோலு வெந்து போயி நாறுது, இவருக்குச் சோடா பத்தலை."

நாலு தடவை செய்து பார்த்தான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் சோடா. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் கறுப்பு. இதற்குள் இரண்டு தொட்டியும் நிரம்பிவிட்டன. சாயம் ஏற்ற இடமில்லை, அடுப்பு அணைந்தது. மாசி பிறந்தது. கொடியில் ஒரு துண்டுகூட இல்லாத கயிறுகளைப் பார்த்தபடி சேவுகன் கவிழ்த்துப்போட்ட அண்டாவின்மேல் உட்கார்ந்திருந்தான். காது குத்துக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் பேச்சு ஆரம்பித்தது. இசைவாணி மடியில் முறத்தை வைத்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சட்டி. கெடா அசைபோட்டபடி படுத்திருந்தது.

"ஏய், இங்கிட்டுப் பாரு. நாத்தம் தாங்க முடியலைன்னு மூஞ்சியத் திருப்பிக்கிறியே, ஏன் நாறுதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

கெடா காதை ஆட்டியது.

"வாழைக்காயை நறுக்குனா கறுக்கும். இது கைப்புள்ளைக்கும் தெரியும். நான் இப்ப பூவு ஆயுறேன்ல, ஆஞ்சு எதுல போடுறேன்? மோர்த் தண்ணியில போடுறேன். புளிப்பு இருந்தாக் கறை விடாது. கடைசி வரைக்கும் வெள்ளையா நிக்கும். இதுல போயிச் சோடாவைக் கொட்டுனா? கறை பொத்துக்கிட்டுத்தான் வரும். இருவது வருசம் துணியவே பாத்தவுகளுக்குக் காய்கறியப் பத்தி என்ன தெரியும்?"

சேவுகன் மெதுவாக எழுந்தான். தங்கச்சிக்குப் பதில் சொல்ல அவனுக்கு உரிமை இல்லை. தான் உட்கார்ந்திருந்த அண்டாவைப் பார்த்துச் சொன்னான்.

"ரெண்டு தொட்டிக்கு மோருக்கு நான் எங்க போறது?"

"ஊர்ல மோர்தான் புளிக்குமா?" என்றது அந்தப் பக்கம், கெடாவிடம். "புளிக்கிற சாமான் வேற எதுவுமே இல்லையா?"

"புளி கரைச்சா அதுவே நெறம் விடும்," என்றான் அண்டாவிடம்.

உரலடியில் நின்ற சொர்ணவல்லிக்குப் பொறுக்கவில்லை. "ஆட்டுக்கும் அண்டாவுக்கும் கல்யாணம் பேசுறீங்களா ரெண்டு பேரும்? இன்னாசியம்மா கடையில சர்பத்துக்குப் பிழிஞ்ச எலுமிச்சைத் தோலு மலையாக் கெடக்கு. அதைக் காய்ச்சி வடிச்சா என்ன, புளிக்காதா?"

 இசைவாணி கெடாவிடம், "அண்ணிக்கு வெவரம் இருக்கு," என்றாள்.

எலுமிச்சைத் தோல் இரண்டு சாக்கு வந்தது. கொதிக்க வைத்ததும் பட்டறையே ஊறுகாய்ப் பானை மாதிரி மணத்தது. வாழைக்காய்த் தோலை நறுக்கிய சூட்டோடு அந்தப் புளிப்பில் போட்டார்கள். கறுக்கவில்லை. கறை விடுவது நிற்கும் மட்டும் நாலு தண்ணீரில் அலசினார்கள். மாசி வெயில் தையைப் போல் இல்லை, இரண்டே நாளில் அப்பளமாகக் காய்ந்தது. சொர்ணவல்லி இடித்தாள், சேவுகன் சலித்தான். இந்தத் தடவை சோடா டப்பாவைச் சொர்ணவல்லி முன்கூட்டியே அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டாள். அவன் கை பழக்கத்தில் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு அண்டா பச்சைத் தண்ணீர் எடுத்து, அதிலும் எலுமிச்சைச் சாற்றை ஊற்றிப் புளிப்பாக்கி, இடித்த தோலைப் போட்டுக் கம்பால் சுற்றினான். நின்று நின்று மதியம் வரை சுற்றினான். தோள் கழன்றது. பழைய வேட்டியை நாலாக மடித்துப் பானை வாயில் கட்டி, மேலே மணல் பரப்பி, அண்டாத் தண்ணீரை மொண்டு ஊற்றினான்.

அடியில் வைத்த கண்ணாடித் தம்ளரில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. இளநீர் நிறம். இன்னொரு தரம் புதுத் தோல் போட்டுச் சுற்றி வடித்தான். தம்ளருக்குப் பின்னால் வைத்த விரலின் ரேகை தெரிந்தது.

வேட்டியில் தங்கிய தோலைக் கையில் அள்ளிப் பார்த்தான். அடர்ந்த பச்சை. கிளிப்பச்சைக்கும் ஒரு படி மேலே. அலசிப் பார்த்தான், விடவில்லை. அவன் முகம் மாறியது.

"வல்லி, இங்க வா. நான் இதுவரைக்கும் சாயத்தை எடுக்கணும், எடுக்கணும்னுல்ல நெனைச்சுக்கிட்டு இருந்தேன். எடுக்கிறது இல்லைடி இது. ஏத்துறது. நம்ம தொழிலேதான். துணிக்குப் பதிலாத் தோலு."

"இதை எந்தச் சாமிக்குக் கட்டிவிடுறது?" என்றாள் அவள். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தம்ளரை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனான். அந்தப் பக்கம் இசைவாணி தரையில் உட்கார்ந்து சுடர்விழிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.  தம்ளரை வெயிலில் தூக்கிக் காட்டினான். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குனிந்து பின்னலைத் தொடர்ந்தாள். கெடாகூடத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

நம்பவில்லை போல, என்று சேவுகன் நினைத்தான். குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் காட்டுகிறான் என்று நினைத்திருப்பாள். தன்னுடைய தண்ணீர்தான், நல்ல தண்ணீர்தான் என்று காட்ட அவனுக்கு ஒரு வழிதான் தோன்றியது. தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனான்.

"அண்ணே, குடிச்சிராத."

சீப்பு ஒரு பக்கம், ரிப்பன் ஒரு பக்கம். அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுந்ததை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவு வேகம். தம்ளர் சாய்ந்து தண்ணீர் பாதி கீழே கொட்டியது.

ஐம்பத்தெட்டு நாளுக்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவளுக்கும் அது அப்போதுதான் உறைத்தது. சட்டென்று கெடாவின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியா? நெறம் போயிட்டா அது தண்ணியாயிருமா? உள்ள உப்பு, சோடா, இன்னும் என்ன எழவு கெடக்குதோ. எடுத்து வாயில ஊத்துறதா? இருக்கிறது ஒத்த மாமன். அவனும்…"  மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அம்மா மாமாகூடப் பேசிருச்சு," என்றாள் சுடர்விழி, பாதிப் பின்னலோடு.

"நான் கெடாகூடத்தாண்டி பேசுனேன்."

"கெடா தம்ளர் புடிக்காதே."

சொர்ணவல்லி அந்தப் பக்கம் உரலில் வேகமாக எதையோ இடித்தாள். உரலில் ஒன்றும் இல்லை.

அதற்கப்புறம் பத்து நாளும் பட்டறையில் தோல்தான். நறுக்குவது, ஊறவைப்பது, இடிப்பது, சுற்றுவது. வெற்றிசெல்வன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனிலேயே சாக்குகளைக் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிப் போவான். "எனக்கு ஒண்ணும் தெரியாது மச்சான், இன்னாசியம்மா குடுத்துவிட்டாங்க," என்பான், வீட்டுப் பக்கம் ஒரு கண் வைத்தபடி. முதல் தொட்டி தெளிந்தது. இரண்டாவது பாதி தெளிந்தது.

மாசி பதினேழில் ரம்யா வந்தாள். தொட்டித் தண்ணீரைக் குப்பியில் எடுத்தாள், ஏதோ காகிதத்தை நனைத்துப் பார்த்தாள், ஒரு கருவியை விட்டுப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு வந்தது.

"பெரும்பங்கு நெறம் போயிருச்சுண்ணே. நெசமாவே நல்லா வந்திருக்கு. ஆனா உப்பு அப்படியேதான் இருக்கு. இதை வெளியில விடக் கூடாது, குடிக்கவும் கூடாது."

"குடிக்க மாட்டாரு," என்றாள் சொர்ணவல்லி. "அதுக்குத் தனியா ஆள் போட்டிருக்கு."

"அடுத்த சாயத்துக்கு இதையே திருப்பி ஊத்திக்குங்க. சாயம் ஏறுன தோலைக் குப்பையில கொட்டிராதீங்க, ஆடு மாடு வாய் வைக்காமப் பாத்துக்குங்க. மூட்டையாக் கட்டி மழை படாத எடத்துல வைங்க. யாருகிட்ட ஒப்படைக்கிறதுன்னு ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்."

சேவுகன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "கெணறும்மா? அது எப்பத் தெளியும்?"

ரம்யா அடுத்த வீட்டுக் கிணற்றைப் பார்த்தாள். "புதுசா இறங்குறது நின்னுருச்சு. முன்னைக்கு இப்பப் பரவாயில்லை. ஆனா மண்ணுக்குள்ள போனது மெதுவாத்தாண்ணே வெளியேறும். ரெண்டு மழைக்காலமாவது ஆகும்."

காது குத்துக்கு மூன்று நாள் இருந்தது.

அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. மறுநாள் சுடர்விழிக்கென்று வாங்கி வைத்திருந்த பாவாடை சட்டையை மடித்துச் சொர்ணவல்லியிடம் கொடுத்தான். "நல்லதம்பிகிட்டக் குடுத்துரு. அவன் சீரோட சீரா வைக்கட்டும். யாரு கையில இருந்து போனா என்ன, புள்ளை போட்டாச் சரி." அவள் வாங்கவில்லை. "நீங்களே கொண்டுபோய்க் குடுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தோட்டத்தில் அவன் தனியாக வளர்த்த செவலைக் கெடா ஒன்று இருந்தது, போன ஆடியிலேயே இந்தக் காது குத்துக்கென்று வாங்கியது. அதன் பக்கமே போகாமல் சுற்றிப் போனான்.

மாசி பத்தொன்பது. உச்சிப் பொழுது. வேலிக்கு அந்தப் பக்கம் பந்தல்கால் ஊன்றியிருந்தது. சேவுகன் தலையைக் குனிந்து தோல் அலசிக்கொண்டிருந்தான்.

"அண்ணே."

நிமிர்ந்தான். இசைவாணி கிணற்றடியில் நின்றாள். கெடா அவளுக்குப் பின்னால், கயிற்றின் கடைசி வரை வந்து நின்றது. அவள் கெடாவைப் பார்க்கவில்லை.

"இங்க வா."

தெரு வழியாகச் சுற்றிப் போனான். வாசலில் நின்றுவிட்டான். "படி ஏறலாமா?"

"கெணத்தடிக்கு ஏது படி? சுத்தி வா."

ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கிணற்றுப் பிடிச்சுவருக்கு வந்தான். வெயில் நேர் மேலே நின்றது.

"செம்பு தெரியுது பாரு," என்றாள்.

அவன் எட்டிப் பார்த்தான். தண்ணீரில் வானம் கிடந்தது. அவன் முகம், பக்கத்தில் அவள் முகம். இரண்டுக்கும் கீழே, வெற்றிலையை வெயிலில் பிடித்தாற்போல ஒரு மெல்லிய பச்சை. அதற்கும் கீழே ஒன்றுமில்லை. பாறைத் திட்டு இருக்கிற மாதிரிகூட இல்லை. கண்ணைச் சுருக்கி, கையால் வெயிலை மறைத்து, மறுபடி பார்த்தான். இல்லை.

திரும்பித் தங்கச்சியைப் பார்த்தான். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணை இமைக்காமல். நாற்பது பச்சை வேட்டிக்கு முன்னால் நின்று அந்தப் பெண்ணிடம் தெரியலை என்று சொன்னாளே, அதே முகம்.

"தெரியுதுல்ல?" என்று கேட்டாள். குரல் கொஞ்சம் பிசிறியது.

 சேவுகன் மறுபடி கிணற்றுக்குள் பார்த்து, "தெரியுது தாயி," என்றான். "பளபளன்னு தெரியுது."

"அப்பச் சரி. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு ஆசாரி வந்துருவாரு. துண்டு விரிச்சு உக்காரு. புள்ளைக்கு நீ வாங்குனது வெள்ளைச் சட்டைன்னு அண்ணி சொல்லுச்சு. ஒங் கை பட்டு அங்கங்க பச்சையாகும். ஆகட்டும், போ."

"கெடா?"

"அது ஒங்க வீட்டுலேர்ந்துதான் வரணும். இதென்ன புதுசாக் கேக்குற?"

"அப்ப இது?"

இசைவாணி திரும்பிக் கறுப்புக் கெடாவைப் பார்த்தாள். அதன் நெற்றி வெள்ளையை உள்ளங்கையால் தேய்த்துவிட்டு, கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள்.

"எழுவது நாளு நம்ம சண்டை பூராத்தையும் வாயத் திறக்காமக் கேட்டிருக்குண்ணே. இதை எங்கிட்டு வெட்டுறது? கெடக்கட்டும்."

பந்தல் பக்கமிருந்து சுடர்விழி ஓடிவந்து, பழைய பழக்கத்தில் மாமன் விரலைப் பிடித்து, "இன்னைக்கு என்ன கலரு?" என்று நகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். அவிழ்த்துவிட்ட கெடா பிடிச்சுவரில் முன்காலைத் தூக்கி வைத்துக் கழுத்தை நீட்டிக் கிணற்றுக்குள் பார்த்தது. அதற்கும் ஒன்றும் தெரிந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அது வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.